அமைச்சர் மாறிவிட்டாராம்! உங்களுக்கு யார் சொன்னது?



"இந்திய அமைச்சர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டார்கள். அரசாங்கம் கொண்டுவந்த தமிழ்ச் செயலிக்கு மாறிவிட்டார்கள். நீங்களும் மாறுங்கள். தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்."

2025 செப்டம்பருக்குப் பிறகு இந்த மாதிரி ஒரு செய்தி உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கலாம். ஊரில் இருக்கும் அண்ணன் மகன் அனுப்பியிருப்பான். அதை நீங்கள் வேலையிடத்துக் குழுவுக்குத் தள்ளிவிட்டிருப்பீர்கள். அங்கிருந்து அது உட்லண்ட்ஸ் தங்குவிடுதி வரைக்கும் போயிருக்கும். அனுப்பியவர்களில் ஒருவராவது "இது உண்மையா?" என்று கேட்டாரா?

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். யார் எந்தச் செயலியில் சேர்ந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் சேமிப்பு, நம் குடும்பப் பேச்சு, நம் வேலை அனுமதி, சட்டத்தின் முன் நம் நிலை எல்லாம் இன்று அந்தச் சின்னக் கருவிக்குள்தான் இருக்கின்றன. அதில் எதை ஏற்றுவது, எதை நம்புவது என்பதைப் பிறர் நமக்காக முடிவு செய்ய நாம் விடக்கூடாது.

மூன்று அமைச்சர்கள், மூன்று வேறு செய்திகள்

முதலில் நடந்ததைப் பார்ப்போம்.

அரட்டை என்பது சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் செயலி. 2021 ஜனவரியிலேயே வெளிவந்தது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அதிகம் பேர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2025 செப்டம்பரில் சுதேசிப் பொருள்களை வாங்குங்கள் என்று பிரதமர் மோடி அறைகூவல் விடுத்த நேரத்தில் காட்சி மாறியது.

அதே மாதத்தில் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், தான் ஸோஹோவுக்கு மாறுவதாக எக்ஸ் தளத்தில் எழுதினார். எதற்காக? ஆவணங்கள், கணக்குத்தாள்கள், விளக்கப் படங்கள் ஆகியவற்றைத் தயாரிப்பதற்காக. கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் அரட்டையைப் பயன்படுத்தும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். உள்துறை அமைச்சர் அமித் ஷா, அக்டோபர் 8ஆம் தேதி தன் மின்னஞ்சலை ஸோஹோ மெயிலுக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தார்.

ஒருவர் அலுவலக மென்பொருளுக்கு மாறினார். இன்னொருவர் செயலியைப் பரிந்துரைத்தார். மூன்றாமவர் மின்னஞ்சலை மாற்றினார். மூன்றும் ஒரே நிறுவனம்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு செய்திகள். இவற்றைச் சேர்த்துப் பிசைந்து "அமைச்சர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டார்கள்" என்று சொன்னால் அது உண்மையா? உண்மையின் துண்டுகளால் தைக்கப்பட்ட பொய் அது. முழுப் பொய்யைவிட ஆபத்தானது. ஏனென்றால் யாராவது மறுத்தால், "அமித் ஷாவே எழுதியிருக்கிறாரே, பார்க்கவில்லையா?" என்று ஒரு துண்டைத் தூக்கிக் காட்டலாம்.

அரசாங்கத்தின் செயலியா?

அடுத்தது, அரட்டையை "அரசாங்கம் கொண்டுவந்தது" என்பது. இதுவும் சரியல்ல. ஸோஹோ ஒரு தனியார் நிறுவனம். ஸ்ரீதர் வேம்பு அதன் நிறுவனர்களில் ஒருவர். இந்திய அரசாங்கம் தானே செய்த செயலி வேறு. அதன் பெயர் சந்தேஷ். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கியது. 2021ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத்தில் அதைப் பற்றி அரசு பதில் சொல்லியிருக்கிறது.

ஆனால் ஸோஹோவுக்கும் அரசாங்கத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டிருப்பதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. ஆக, தனியார் நிறுவனம், அரசின் ஒப்பந்தம், அமைச்சர்களின் பரிந்துரை. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்வதுதான் நேர்மை.

அரசே முன்னின்று ஒரு செயலியைத் திணிப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? ரஷ்யாவைப் பாருங்கள். மாக்ஸ் என்ற செயலியை அங்கே விகே நிறுவனம் செய்தது. 2025 ஜூனில் தேசியச் செயலிக்கான சட்டத்தில் அதிபர் புட்டின் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அங்கு விற்கும் கைத்தொலைபேசிகளில் அது முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்று ஆனது. அதற்கு முந்தைய மாதமே வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. இதுதான் திணிப்பு. ஒரு அமைச்சர் "நல்ல செயலி, பயன்படுத்துங்கள்" என்று சொல்வது வேறு, "இதைத் தவிர வேறு வழியில்லை" என்று சட்டம் சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துவதும் தவறு, இரண்டாவதை முதலாவதைப் போல இனிப்பாகக் காட்டுவதும் தவறு.

தமிழ் என்றதும் நம் கை துடிக்கிறது

நம்மவர்கள் அந்தச் செய்தியை ஏன் அவ்வளவு வேகமாகப் பரப்பினார்கள்? செயலியின் பெயர் தமிழ், நிறுவனம் பிறந்தது தமிழ்நாட்டில். உலகமெல்லாம் சிதறிக் கிடக்கும் ஒரு சிறுபான்மைக்கு இது பெருமையான விஷயம்தான். பெருமைப்படுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் பெருமை என்பது சான்று ஆகாது.

நாளுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3,50,000 ஆக உயர்ந்ததாக வேம்பு எக்ஸ் தளத்தில் எழுதினார். அது நிறுவனத்தார் சொன்ன கணக்கு. அதைச் சொல்லும்போது "நிறுவனத்தார் சொல்கிறார்கள்" என்று சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெருமையில் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. என் பேச்சு பூட்டப்பட்டிருக்கிறதா? அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர, நடுவில் இருக்கும் நிறுவனம்கூடப் படிக்க முடியாதபடி பூட்டுவதை முனைக்கு முனை மறையாக்கம் என்பார்கள். அந்தச் செய்தி பரவிய நாள்களில் அரட்டையின் அழைப்புகளுக்கு அந்தப் பூட்டு இருந்தது. சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. பலரும் இதைச் சுட்டிக்காட்டிய பின், 2025 நவம்பரில் தனிநபர் உரையாடல்களுக்கும் அந்த வசதியை நிறுவனம் கொண்டுவந்தது. கேள்வி கேட்டவர்கள் தமிழுக்கு விரோதிகள் அல்லர். அவர்கள் கேட்டதால்தான் செயலி மேம்பட்டது.

ஆராயாமல் பரப்புவதால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு எங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் படங்கள் அவை. அன்றைய தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு அவற்றை மறுத்துப் பேசினார். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. அதற்குள் எத்தனை தொழிலாளர்களின் குடும்பங்கள் தூக்கமில்லாமல் இருந்திருக்கும்? பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவனின் பயம் எப்படியிருக்கும் என்று சிங்கப்பூர்த் தமிழனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்று பீகார்க்காரன் இருந்த இடத்தில் இன்னொரு நாள் நாம் இருப்போம்.

இங்கே நம் வீட்டுக் கதை

இந்தியக் கதை போதும். சிங்கப்பூருக்கு வருவோம்.

இங்கு அமைச்சர்களின் பெயரைச் சொல்லிப் பறிப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. மூத்த அமைச்சர் லீ சியன் லூங், தாம் பிரதமராக இருந்தபோதே, 2023 டிசம்பரில், தம் முகத்தையும் குரலையும் போலியாக்கி மின்னியல் நாணய முதலீட்டுக்கு ஆள் பிடிக்கும் காணொளி உலவுவதாக எச்சரித்தார். 2025இல் பிரதமர் லாரன்ஸ் வோங்கும் அதே மாதிரி எச்சரிக்கை விடுத்தார். அவருடைய பெயரைக் காட்டி நிரந்தரவாசத் தகுதி வாங்கித் தருவதாகக்கூட விளம்பரம் செய்திருக்கிறார்கள். அது யாரைக் குறிவைத்த வலை? உங்களையும் என்னையும் போன்றவர்களைத்தான்.

2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் மக்கள் இழந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அரசாங்க அதிகாரிகளைப் போல் நடித்தவர்களிடம் மட்டும் 151 மில்லியன் வெள்ளி போனது. 2023 ஜூனில், இணைப்பை அழுத்தித் தெரியாத செயலியை ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் ஏற்றிய குறைந்தது இருவர், மத்திய சேம நிதிச் சேமிப்பிலிருந்து 99,800 வெள்ளியை இழந்தார்கள். எத்தனை ஆண்டு வியர்வை அது?

"அமைச்சர் சேர்ந்துவிட்டார், நீங்களும் இந்த இணைப்பை அழுத்திச் சேருங்கள்" என்ற செய்தியின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அமைச்சர் சேர்ந்தது உண்மையாகவே இருக்கட்டும். அந்த இணைப்பு எங்கே போகிறது என்பது வேறு கேள்வி.

ஒரு வழக்கறிஞர் எப்படிப் பார்ப்பார்?

"அவர் சொன்னாராம், இவர் கேட்டாராம்" என்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. சொன்னவரே வரவேண்டும், அல்லது மூல ஆவணம் வரவேண்டும். அந்தப் பழக்கத்தை நீங்கள் வீட்டுக்கும் கொண்டுவரலாம். ஐந்து கேள்விகள் போதும்.

ஒன்று: அவரே சொன்னாரா? திரையைப் படம் பிடித்து அனுப்பியதை நம்பாதீர்கள். அவருடைய அதிகாரபூர்வப் பக்கத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். செய்தியில் உள்ள இணைப்பு வழியாகப் போகாதீர்கள், பெயரை நீங்களே தட்டித் தேடுங்கள்.

இரண்டு: சரியாக என்ன சொன்னார்? மின்னஞ்சலா, செயலியா? "சேர்ந்தேன்" என்றாரா, "நல்லது" என்றாரா? ஒரு சொல் மாறினால் செய்தியே மாறிவிடும்.

மூன்று: எப்போது சொன்னார்? தேதி இல்லாத செய்தி, முகவரி இல்லாத கடிதம் போன்றது. ஓராண்டுக்கு முந்தையதை இன்று நடந்ததாகச் சொல்வது பழைய தந்திரம்.

நான்கு: செயலி யாருடையது? அரசுடையதா, தனியாருடையதா, அரசின் ஒப்பந்தம் பெற்ற தனியாருடையதா? என்னிடமிருந்து எதை எடுக்கிறது? தொடர்பு எண்களையா, இருக்கும் இடத்தையா?

ஐந்து: என்னை என்ன செய்யச் சொல்கிறது? இணைப்பை அழுத்து, பணம் கட்டு, சிங்பாஸ் விவரம் கொடு என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

நம் நாட்டில் சில கைப்பிடிகள் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, 'கவ் டாட் எஸ்ஜி' என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. ஆனால் இந்தப் பாதுகாப்பு சாதாரணக் குறுஞ்செய்திக்கு. ஆப்பிள், கூகல் செய்திச் செயலிகளில் அதே பெயரைப் போட்டு ஏமாற்ற வழி இருந்ததால்தான், 2025 நவம்பரில் அதைத் தடுக்கும்படி அந்த இரு நிறுவனங்களுக்கும் உள்துறை அமைச்சு உத்தரவிட்டது. எனவே பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். எந்த அரசாங்க அதிகாரியும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்லமாட்டார். வங்கிக் கணக்கின் நுழைவு விவரம் கேட்கமாட்டார். அதிகாரபூர்வமற்ற இடத்திலிருந்து செயலியை ஏற்றச் சொல்லமாட்டார். சந்தேகமா? 1799 என்ற எண்ணை அழையுங்கள், ஸ்கேம்ஷீல்ட் செயலியில் சோதியுங்கள்.

அனுப்பினால் சிறையா?

இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்கிறார்கள். பொஃப்மா என்று அழைக்கப்படும் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டம் 2019 அக்டோபர் 2ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதும் அதன் எல்லைக்குள் வரும், அது உண்மை. ஆனால் குற்றம் ஆவதற்கு, அது பொய்யான தகவல் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். அதோடு, பொது அமைதி, இன உறவு, தேர்தல் போன்று சட்டம் பட்டியலிடும் பொதுநலன்களில் ஒன்றுக்குக் கேடு வரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அப்படி நிரூபிக்கப்பட்டால் தனிமனிதருக்கு 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கருத்துச் சொல்வது இந்தச் சட்டத்தில் வராது. "இந்தச் செயலி எனக்குப் பிடிக்கவில்லை, இந்தக் கொள்கை தவறு" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

2024 அக்டோபரில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்டதிலிருந்து வாக்களிப்பு முடியும் வரை, ஒரு வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாக, செய்யாததைச் செய்ததாகக் காட்டும் போலிக் காணொளிகளை வெளியிடக்கூடாது. 2025 மே 3 பொதுத்தேர்தலுக்கு முன்பாகவே அது வந்துவிட்டது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எது பொய் என்பதை முதலில் அமைச்சர் முடிவு செய்து, பிறகுதான் குடிமகன் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்ற ஏற்பாடு எனக்கு உடன்பாடானதல்ல. இந்தியாவில் மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே சரிபார்க்கும் பிரிவு ஒன்றை அமைக்க விதி செய்தபோது, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே நீதிபதியாகவும் இருக்கக்கூடாது என்பது நம் பாட்டிக்கும் தெரிந்த நியாயம். அரசு சொல்வதை அறியுங்கள், ஆனால் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதையும் அரசிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

அமைச்சர் சொன்னதையும் சரிபார்க்க வேண்டும்

ஏன் இப்படிச் சொல்கிறேன்? டிரேஸ்டுகெதர் செயலியை மறந்துவிட்டீர்களா?

2020 ஜூனில், அந்தத் தகவல் கொவிட் தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் சொன்னார். அந்த மாதத்திலேயே கட்டுமானம், கப்பல் பட்டறைகளில் வேலை செய்த, தங்குவிடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் அதைக் கட்டாயம் ஏற்ற வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அப்போது அது விருப்பம், நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு உத்தரவு! 2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வேறு பதில் வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தகவலைப் பெறமுடியும். முன்பு பேசியபோது அந்தச் சட்டத்தைத் தாம் நினைத்துப் பார்க்கவில்லை என்று அமைச்சரே மறுநாள் ஒப்புக்கொண்டார். மக்கள் கேள்வி கேட்டார்கள். 2021 பிப்ரவரியில், ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டுமே அந்தத் தகவலைப் பயன்படுத்தலாம் என்று தனிச் சட்டம் வந்தது.

இதில் அமைச்சர் சொன்னது உண்மையா என்று 2020இல் நீங்கள் சரிபார்த்திருந்தால், "ஆம், சொன்னார்" என்றுதான் விடை வந்திருக்கும். போதாது. "அது எந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது?" என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வாய்ச்சொல்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் விழும் இடைவெளியில் முதலில் விழுவது தொழிலாளிதான், சிறுபான்மைதான்.

நாம் கேட்பது என்ன?

மூன்றே கோரிக்கைகள். முதலாவது, எச்சரிக்கையும் திருத்தமும் ஆங்கிலத்தில் வரும் அதே நேரத்தில் தமிழிலும் வரவேண்டும். கொவிட் காலத்தில் அரசாங்கத்தின் வாட்ஸ்அப் சேவை நான்கு மொழிகளிலும் வந்ததே! மனமிருந்தால் முடியும். தமிழ் நம் நாட்டின் அதிகாரத்துவ மொழி, யாரும் போடும் பிச்சையல்ல. இரண்டாவது, எந்தச் செயலியையும் தொழிலாளர்மீது கட்டாயமாக்கும் முன், எடுக்கும் தகவல் எது, எவ்வளவு காலம், யார் பார்க்கலாம் என்பது சட்டத்தில் எழுதப்பட்டு, அவர்களுக்குப் புரியும் மொழியில் தரப்படவேண்டும். மூன்றாவது, அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஒரு செயலியைப் புகழும்போது, அது சொந்த விருப்பமா அரசின் கொள்கையா என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

உங்களால் முடிந்ததும் உண்டு. உங்கள் புளோக்கில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை, தெரியாத ஒரு தாத்தா, பாட்டிக்கு வாரம் ஒருமுறை வந்த செய்திகளைப் பார்த்துச் சொல்லட்டும். பிடோக் நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். தேசிய நூலக வாரியம் 2013 முதல் தகவலைச் சரிபார்க்கும் முறையை மக்களுக்குக் கற்றுத்தருகிறது. தங்குவிடுதியில் இருக்கும் நம் தம்பிகளிடம் 1799 என்ற எண்ணைச் சொல்லுங்கள்.

குழுவில் யாராவது தவறான செய்தி போட்டால் அவரை அவமானப்படுத்தாதீர்கள். "அண்ணே, இது எங்கிருந்து வந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி குழுவுக்குள் பழகிவிட்டால், பொய் பரப்புகிறவனுக்கு நம் வாசலில் வேலையில்லாமல் போகும். அதிகாரத்தில் இருப்பவர்களிடமும் அதே கேள்வியை, அதே மரியாதையோடு, பயமில்லாமல் நாம் கேட்போம்.